தலைசுற்றல்

பைலட் ஆகப்போறேன், பைலட் ஆகப்போறேன்னு சின்ன வயசுல இருந்து எங்க உயிரை வாங்கின பய, பிளேன் ஓட்டக் கத்துக்கொடுக்கிற ஸ்கூல்ல சேர்க்கிற நேரம் பார்த்து, "நான் காலேஜுக்கே போறேன், பி.காம் படிக்கிறேன்"னுட்டான்.

பக்கத்து வீட்டு சித்தார்த்தைத்தான் சொல்றேன். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரு வாரமா இதே பேச்சுதான்.

அவன் அப்பா பிச்சமுத்து எக்ஸ்பிரஸ் ரயில் ஓட்டுறவர். முதல்ல ஒரு டிகிரி முடிக்கட்டும், அப்புறம் பறக்கலாம்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னப்ப, ப்ளஸ் டூ போதுங்க, மூணு வருஷத்தை எதுக்கு வீணாக்கணும்னு மல்லுக்கு நின்னவரே அவர்தான். இப்ப மனுஷனால வெளிய தலைகாட்ட முடியல.

ஏன்டா வேணாங்கிறன்னு கேட்டா, உசரம்னா பயமா இருக்கு, தலை சுத்துதுங்கிறானாம். பயந்தாங்கொள்ளின்னு தெருவே பேர் வச்சிருச்சு. எனக்கும் ஆத்திரம்தான். பெத்தவங்க ஆசையில மண்ணைப் போடுறதுக்கு ஒரு அளவு வேணாமா?

பிச்சமுத்து அண்ணன் நல்லவர்தான். ஆனா ஒரு பழக்கம். வீட்டுல எது கோணலாப் போனாலும் அது பொண்டாட்டி பிரேமலதா வழிதான். பையன் கணக்குல மார்க் குறைஞ்சா, "உங்க வீட்டு மூளை". பல்லு வலின்னா, "உங்கப்பன் பல்லு". பிரேமலதாவோட தம்பி இளவரசனை ரயில்வே மெடிக்கல்ல வேணாம்னு அனுப்பினது என்னைக்கோ நடந்த கதை. கல்யாணம் காதுகுத்துன்னு நாலு பேர் கூடிட்டா இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பார். பிரேமலதா எந்திரிச்சு உள்ள போயிடுவா.

அந்தப் பிரேமலதாதான் என்கிட்ட வந்து, லின்சிக்கா, நீங்க சொன்னா கேப்பான், ஒரு வார்த்தை பேசிப் பாருங்கன்னு கண்ணைக் கசக்கினா. ஸ்ரீரங்கத்துல ஜாக்கெட் துணி எடுக்கணும், ஸ்கூட்டர்ல கொண்டு போய் விடுடான்னு அவனைக் கிளப்பினேன்.

மலைக்கோட்டை கண்ணுல பட்டதும் ஆரம்பிச்சேன்.

"ஏன்டா, உச்சிப்பிள்ளையார் கோயில் சுவர் ஓரமா நின்னு ஏர்போர்ட்ல இறங்குற பிளேனை வேடிக்கை பார்ப்பியே, அப்ப எல்லாம் சுத்தாத தலையா? உங்கப்பாதான் உசரத்துக்குப் போனா தலை சுத்துதுன்னு கீழ மாணிக்க விநாயகர்கிட்டயே நின்னு செருப்பைக் காவல் காப்பாரு."

காவிரிப் பாலத்துல போறப்ப மேல ஒரு பிளேன் போச்சு. அவன் சட்டுனு அண்ணாந்து பார்த்துட்டு உடனே தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

துணிக்கடையில ரெண்டு கையிலயும் புடவையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, அந்த மெரூன் துண்டை எடுடான்னேன். கரும்பச்சையை எடுத்து நீட்டினான். விளையாடாதடான்னதும் ரொம்ப யோசிச்சு இன்னொண்ணை எடுத்தான். அது காப்பிக்கொட்டை கலர்.

கடைக்காரம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அவன் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது.

வெளிய வந்ததும் நான் விடல. முதல்ல மழுப்பினான், அப்புறம் சொல்லிட்டான். அந்த ஸ்கூல்ல சேர முதல்ல மெடிக்கல் முடிக்கணுமாம். அப்பா டூட்டிக்குப் போயிருந்த நேரம், ஃப்ரெண்டு வீட்டுக்குன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு மெட்ராஸுக்குப் போயிருக்கான். பாஸ் ஆயிட்டு வந்து அவரை அசத்தணும்னு ஆசை. அங்க புள்ளி புள்ளியா இருக்கிற படத்தைக் காட்டி, உள்ள இருக்கிற நம்பரைச் சொல்லச் சொல்லியிருக்காங்க. இவனுக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சிருக்கு. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத கண்ணு தம்பி, பிளேன் ஓட்ட ஆகாதுன்னுட்டாராம் டாக்டர்.

நடக்கப் பழகினப்ப இருந்து பிளேன் பொம்மையோட திரிஞ்ச பிள்ளை அது.

"இதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எதுக்குடா பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்குற?"

"டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு ஆன்ட்டி. இது அம்மா வழியா வர்றதாம். இளவரசன் மாமாவை ரயில்வேல திருப்பி அனுப்பினதும் இதே கண்ணுக்குத்தான். அப்பாவுக்குத் தெரிஞ்சா அம்மா ஆயுசுக்கும் பேச்சு கேக்கணும். என் பிள்ளை வாழ்க்கையை நானே கெடுத்துட்டேனேன்னு அவங்களே அழுது கரைஞ்சிருவாங்க."

அப்புறம் கேட்டேன்.

"சரிடா. பயம்னு சொன்னா மட்டும் உங்கப்பா சும்மா விடுவாரா? அதையும் உங்கம்மா தலையிலதானே கட்டுவாரு?"

அந்த ஒரு வாரத்துல அன்னைக்குத்தான் சிரிச்சான்.

"எப்படிக் கட்டுவாரு ஆன்ட்டி? கீழ நின்னு செருப்பைக் காவல் காக்குறது யாரு?"

வீடு திரும்பினப்ப பிச்சமுத்து வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தார். பய என்னம்மா சொல்றான்னு கேட்டார்.

"தலை சுத்துறது நெஜம்தான்ணே. பாலத்துல வர்றப்பவே கையெல்லாம் நடுங்குச்சு. பாவம், விட்டுருங்க"ன்னேன். வாய் கூசாமத்தான் சொன்னேன்.

அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவா, "அவனைச் சொல்லி என்ன பண்றது? எல்லாம் என் வழிம்மா"ன்னார்.

உள்ள கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த பிரேமலதா, கை வேலையை விட்டுட்டுத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தா.