புறங்கை எலி

ஸ்கேன் அறையின் மங்கிய நீல வெளிச்சத்தில் தம்பியின் புறங்கையில் குளிர்ந்த ஜெல் மின்னுகிறது. மணிக்கட்டுக்குக் கீழே இருக்கும் புடைப்பை நீர்க்கட்டி என்று நினைத்து, வெட்டி எடுக்கத்தான் வந்திருக்கிறோம். டாக்டர் விரல்களை நிமிர்த்தச் சொல்கிறார். திரையில் ஏதோ நெளிகிறது. "கட்டியே இல்லம்மா. விரலை நிமிர்த்துற தசை இவருக்கு ஒண்ணு கூடுதலா இருக்கு. சில பேருக்கு அப்படித்தான். வெட்ட வேண்டாம்." எனக்குச் சிரிப்பு பீறிடுகிறது. அப்பா கையிலும் இது இருந்தது. "எலி ஓடுது பாரு" என்று விரலை மடக்கி நிமிர்த்தி என்னைச் சிரிக்க வைப்பார். அவர் போனபோது தம்பி கைக்குழந்தை. அப்பா ஜாடை தனக்குத் துளிகூட இல்லை என்று இன்றுவரை குறைபட்டுக்கொள்பவன். "ஏன்க்கா சிரிக்கிற?" ஜெல்லைத் துடைக்காமல் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "இன்னொரு தடவை விரலை நிமிர்த்துடா. எலி ஓடுது பாரு."