வள்ளத்தில் முளைத்த கண்டல்

உடைந்த வள்ளத்துக்குள் மண் நிரப்பி யாரோ கண்டல் நாற்று வளர்த்திருந்தார்கள்.

துசாந்தினி குனிந்து பார்த்தாள். ஒன்றல்ல, மூன்று வள்ளங்கள். மாங்கேணிப் பக்கத்து உப்புநீர்க் களப்பின் கரையில், தென்னோலைப் பந்தலுக்குக் கீழே கிடந்தன. விளிம்பு வரை பச்சை.

அவளுக்குப் பின்னால் மூன்று அறக்கட்டளைகளின் ஆட்களும் பேச்சை நிறுத்தினார்கள். காலையிலிருந்து அதுதான் முதல் அமைதி.

வள்ளங்களை அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது. சுனாமிக்குப் பிறகு அவர்கள் கொடுத்தவைதான். நீலம் வெளிநாட்டு அறக்கட்டளையுடையது, சிவப்பு கொழும்புக்காரருடையது, பச்சை ஏறாவூர்க்காரருடையது. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாமல் கொடுத்ததில், சில வீடுகளுக்கு மூன்று வள்ளம் கிடைத்தது. சில வீடுகளுக்கு ஒன்றுமே இல்லை.

பிறகு சண்டை வந்து ஊர் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வள்ளங்களில் ஓட்டை. கரையில் கண்டல் காடு இல்லை. காவலரணின் பார்வையை மறைக்கிறது என்று வெட்டப்பட்டிருந்தது.

சண்டை முடிந்த மறுவருடம் அந்த மூன்று அறக்கட்டளைகளும் முதன்முறையாகச் சேர்ந்து வந்தன. கடல் ஏறுகிறது, மழை காலம் தவறுகிறது, வயலுக்குள் உப்பு வருகிறது. கரை நெடுக, அலையையும் உப்பையும் தடுக்கிற கண்டல் மரம் நடுவோம் என்றார்கள். அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தவள் துசாந்தினி. மட்டக்களப்புக்காரி. அவளை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள்.

வெளியூரிலிருந்து கொண்டுவந்து நட்ட நாற்றெல்லாம் கருகிப்போனது. யாருடைய பிழை என்ற பேச்சில், சேர்ந்தவர்கள் பிரியத் தொடங்கினார்கள். இனி அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம் என்று கொழும்பு ஐயா அன்று காலை வாகனத்துக்குள்ளேயே சொல்லிவிட்டார். இந்தக் கரையை மட்டும் பார்த்துவிட்டுப் பிரியுங்கள் என்று கெஞ்சித்தான் அவள் கூட்டிவந்திருந்தாள்.

இதை வளர்த்தது யார் என்று கேட்டார்கள்.

மீனவர் சங்கத் தலைவர் நல்லரத்தினம் களப்பைப் பார்த்தார். தானாக முளைத்தது என்றார்.

ஏறாவூரிலிருந்து வந்த றபீக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானாக முளைத்தது சரி, பந்தலையும் அதுவே போட்டுக்கொண்டதா என்று கேட்டாள்.

நல்லரத்தினமும் சிரித்தார்.

அந்த ஆளுக்கே நாற்றுப் பொறுப்பைக் கொடுப்போம், பெயரைப் பலகையில் எழுதுவோம் என்றார் வெளிநாட்டு அம்மையார். துசாந்தினி அதைத் தமிழில் சொன்னாள். வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஊருக்கே தெரிந்த ஒன்றை ஊரே மறைக்கிறது. ஏன்?

அப்போதுதான் அவள் கவனித்தாள். ஒவ்வொரு நாற்றும் ஒரு மீன்டின்னுக்குள் நின்றது. அடியில் ஆணியால் போட்ட துளை. களப்பும் கடலும் இருக்கிற ஊரில் இவ்வளவு மீன்டின் வாங்கித் தின்றது யார்?

கருவாடு காயப்போடுகிற அன்னப்பூரணி வாளியோடு வந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் விலகியதும் துசாந்தினி அவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

அன்னப்பூரணி வாளியைக் கீழே வைத்தாள்.

"சென்றியில நிக்கிற ஆமிக்காரப் பொடியன், புள்ள. பேரைச் சொன்னா மாலை போடுவாங்க, பேப்பர்ல வரும். பிறகு அவன இங்க வெச்சிருப்பாங்களா? நாத்துக்கு ஆரு தண்ணி ஊத்துற?"

மீதியையும் அவளே சொன்னாள். அவன் வள்ளத்துக்குள் மண்ணைப் போட்டபோது, ஏதோ புதைக்கிறான் என்று ஊர் பயந்தது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. சில வாரங்களில் பச்சை தெரிந்தது. மிஞ்சி நின்ற மரங்களில் விழுந்த காய்களைத் தேடிப் பொறுக்கி வருகிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. யாரும் அவனோடு பேசவில்லை. ஆனால் அவன் லீவில் போன ஒருநாள் இலை வாடுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குத் தூக்கிய வாளிதான்.

துசாந்தினி திரும்பி வந்து, ஊர் வளர்த்தது என்று சொன்னாள். அது முழுப் பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை.

கொழும்பு ஐயா சிவப்பு வள்ளத்தின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, இந்தக் கரையின் காய் என்றால் இந்தக் கரையில் நிற்கும், இங்கேயே தொடங்குவோம் என்றார். எந்த அறக்கட்டளையின் பெயரில் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்த மாரி மழைக்கு முன்பே நாற்றுகள் கரையில் இறங்கின.

அன்று திரும்பும் வழியில் அந்தச் சென்றிக் காவலரணில் வாகனத்தை மறித்தார்கள். உள்ளே பேச்சு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. துசாந்தினி எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

அட்டைகளைப் பார்த்தவன் மெலிந்த பொடியன். நகங்களுக்குள் களப்புச் சேறு.

தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அவள் கேட்டாள், கண்டலை ஏன் வளர்க்கிறாய் என்று.

அவன் ஒருதரம் காவலரணைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னான்.

"இங்க வெட்டினது நானும்தான், அக்கா. எங்க ஊர் தெற்கில காலி, கடல் பக்கம். கடல் வந்த நாள் அங்க இந்த மரம் இல்ல."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள்.

அவன் அட்டைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, தடையைத் தூக்கப் போனான்.