ஒரே ஒரு குழாய்

புது நாலுவழிச் சாலைக்குக் கீழ்ப்புறம், யாரும் போகாத பழைய தரைப்பாலம் கிடந்தது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் ஓடை அதன் முதுகில் ஏறித்தான் போகும். தண்ணீர் வடியும்வரை பஸ் நிற்கும். ஜனங்கள் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி வேடிக்கை பார்ப்பார்கள். தரைப்பாலம் அந்த ஈர முதுகை நினைத்தபடியே கிடந்தது.

ஐப்பசியில் ஓடை வந்தது. சாலை மதில்போல் மறித்தது.

"தம்பி, வழி விடு."

"கீழே குழாய் இருக்கு, அதுல அடக்கமா போ."

"இதுலயா? ஒரு தவளை போகணும்னாலே மூச்சைப் பிடிச்சுக்கணும். யாரு அளந்தது?"

"இன்ஜினியர். சித்திரையில வந்தார். உன் மடியிலதான் ஜீப்பை நிறுத்திச் சாப்பிட்டார். சொட்டுத் தண்ணி இல்லைன்னார்."

"பொண்ணு பார்க்க வர்றவங்களே பொண்ணு வீட்ல இருக்கற நாளாப் பார்த்துதான் வருவாங்க!"

தரைப்பாலம் கத்தியது: "டேய், விட்டுடு. இல்லேன்னா உடைஞ்சு போவே."

"சும்மா கிட, கிழமே. உன்னால எத்தனை பஸ் நின்னுது!"

"நின்னுது. அப்புறம் போச்சே!"

பின்வாங்க இடமில்லாமல் ஓடை ஏறிக்கொண்டே போனது. மறுநாள் மத்தியானம் சாலை நடுவில் பிளந்தது.

மாற்றுப்பாதை என்று ஒரு பலகை வந்தது. அம்புக்குறி தரைப்பாலத்தைக் காட்டியது.

"எங்கேடி போனே இத்தனை நாளா?" என்றது தரைப்பாலம்.

"கொஞ்சம் குனி," என்று ஓடை அதன் முதுகில் ஏறியது.

வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.