மூன்று மணிக்கு நின்றது

ராஜினாமாக் கடிதத்தை மேனேஜர் செல்வதுரையே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"போட்டுருலே வன்னியபெருமாள். போலீஸுன்னு போனா ஒனக்குத்தான் அசிங்கம்."

"நான் ஒண்ணுமே செய்யலை சார்."

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்த உப்புக் கம்பெனியில், 1979-இல், பத்து பீரோ அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஏ.சி. அதற்கு, மனிதர்களுக்குக் கசிந்தது போதும். திங்கட்கிழமை ஒரு கீபோர்டு பழுதாகி, ஐந்து பேருக்கு நாலு கீபோர்டு என்றாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் மதியம் மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோகிறது. சரக்குப் பட்டியல் அச்சாகாமல் கப்பல் காத்துக் கிடக்கிறது.

அதை ஓட்டுகிறவன் வன்னியபெருமாள். போன மாதம் பிரமோஷன் கிடைக்காதவனும் அவன்தான். அதற்குமேல் சாட்சி எதற்கு?

மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினீயர் சத்தியராஜ் கடிதத்தை ஓரமாக நகர்த்தினார். "கரண்டைத் தவிர வெளியேயிருந்து இதுக்கு ஒரு வயர்கூட வரலை. உள்ளே இருக்கிற யாரோதான். மூணு மணி ஆகட்டும்."

"ஆகட்டுமே. ஏரல் பஸ்ஸுல, அந்தக் கூட்டத்துலயே ஜன்னல் வழியா பையப் போட்டு எடம் புடிக்கிறவன் நான். இவனப் புடிக்க மாட்டேனா?" என்றார் செல்வதுரை.

மூன்றடிக்க ஐந்து நிமிடம். செல்வதுரை தடுப்புக்குப் பின்னாலிருந்த தம் மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வழக்கம்போல டீக்குப் போனார். வன்னியபெருமாள் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான், இன்ஜினீயர் உத்தரவு. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

அடுத்த மேஜையிலிருந்து ரோஸ் மெதுவாகச் சொன்னாள். "கம்ப்யூட்டர் நின்னுட்டு சார்."

வன்னியபெருமாளின் கைகள் தலையிலேயே இருந்தன.

சத்தியராஜ் ஒவ்வொரு மேஜையாகப் போனார். தடுப்புக்குப் பின்னாலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு திரும்பினார்.

"கையை இறக்குங்க தம்பி. ஏதாவது ஒரு கீ விடாம அழுந்திக் கிடந்தா எழுத்து வந்து குவியுது. உள்ளே எல்லாத்தையும் நடத்துற மூலப் புரோகிராம் மூச்சு முட்டி, மொத்தத்தையும் நிறுத்திருது. செஞ்சவங்க விட்ட ஓட்டை. அதிகாரம், பாஸ்வேர்ட் எதுவும் வேண்டாம். கீபோர்டுக்கு முன்னால ஒரு நாற்காலி போதும்."

டீ குடித்துவிட்டு வந்த செல்வதுரையிடம் கனத்த தோல்பை ஒன்றை நீட்டினார். "கீபோர்டு மேல இருந்துது. உங்களுதா?"

"பின்னே? டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள எடத்த எவனாவது புடிச்சிருவான்லா."