பென்சிலில் போட்ட மதிப்பெண்

ஃபோர்மேன் பதவிக்கான நேர்காணல் அறையில் மூன்று ஆண்கள் காபியை முடித்துவிட்டுச் சாய்ந்திருக்கிறார்கள். தேர்வுக் குழுவில் ஒரு பெண் கட்டாயம் என்பதால், எல்லாம் முடிந்த கையோடு பரிசோதனைக்கூடப் பொறுப்பாளரம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "உங்க மார்க்கையும் நாங்களே பென்சில்ல போட்டுட்டோம்மா. மேல பேனாவ ஓட்டிட்டுப் போங்க," என்று குழுத் தலைவர் தாளை நகர்த்துகிறார். பதினெட்டு வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு இந்தப் பதவிக்கு விண்ணப்பித்திருப்பவளுக்குப் பத்துக்கு இரண்டு. அவள் மடியில் ஃபைலோடு வெளியே பெஞ்சில் காத்திருப்பது கதவுக் கண்ணாடியில் தெரிகிறது. "ரப்பர் இருக்கா சார்?" என்று பொறுப்பாளரம்மா கேட்கிறார். மூவரும் சட்டைப்பையைத் தடவுகிறார்கள், ஒருத்தரிடமும் இல்லை. "அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதும்மா," என்கிறார் தலைவர். பொறுப்பாளரம்மா விரலில் எச்சில் தொட்டுத் தேய்க்கிறார், அழுத்தித் தேய்க்கிறார். விரல்தான் கறுக்கிறது. இரண்டு போகமாட்டேன் என்கிறது.