பிரேமலதா அம்மாள் வீட்டுப் படி

சந்து முனையில் ஜேசிபி வந்து நின்றதைப் பார்த்ததும் பொன்னுத்தாய் கையிலிருந்த சும்மாட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

ஸ்ரீரங்கத்து அந்தச் சந்தில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் வேலை நேற்றுதான் தொடங்கியிருந்தது. ஆண்கள் கடப்பாரை போட்டுத் தோண்டுவார்கள். பெண்கள் மண்ணைச் சட்டியில் சுமந்து வெளியே கொட்டுவார்கள். ஆணுக்குத் தொள்ளாயிரம், பெண்ணுக்கு ஐந்நூற்றைம்பது. பெண் தலை என்பதற்காக மண் ஒன்றும் கனம் குறைந்துவிடுவதில்லை.

சனிக்கிழமை வரை வேலை உண்டு, அன்றைக்கே மொத்தக் கூலியும் கைக்கு வரும் என்று மேஸ்திரி தர்மராஜ் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் சுபஸ்ரீக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் மூக்கின் மேல் விரல் வைக்கும்படி செய்ய வேண்டும் என்று பொன்னுத்தாய்க்கு ஆசை. நேற்று மத்தியானம் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, மகளிடம் போனில் இந்தக் கூலியை நம்பித்தான் அத்தனை வாக்குறுதியும் கொடுத்தாள்.

ஆறு நாள் வேலையை அந்த மஞ்சள் வண்டி அரை நாளில் முடித்துவிடும்.

குறுக்கே இருந்தது அந்த எதிர்வீட்டுப் படிதான். சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு படிகளை இடித்தால்தான் வண்டி உள்ளே வரும்.

புது வீட்டுக்காரர் எதிர்வீட்டுப் பிரேமலதா அம்மாளிடம் கெஞ்சினார். "என் செலவுல இடிச்சு, கிரானைட்லயே புதுசா கட்டிக் கொடுத்துடறேங்க."

அந்த அம்மாள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். "என் படியில ஒரு செங்கல் பேர்ந்துச்சுன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்!"

எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார் தலையில் அடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

பொன்னுத்தாய்க்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்த மகராசியின் வறட்டுப் பிடிவாதம் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்திவிட்டு, சும்மாட்டைத் தலையில் வைத்தாள்.

மத்தியானம் தூக்குச்சட்டியோடு போனவளுக்கு அந்தப் படியில் உட்காரத் தயக்கமாக இருந்தது. போலீஸ் வரைக்கும் போகிற படியில் மண் காலோடு உட்காரலாமா?

கதவு திறந்தது. பிரேமலதா அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காரு, பரவால்ல. உன் பொண்ணு வளைகாப்பு முடிஞ்சு திங்கக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து இந்தப் படியை இடிச்சுக் கொடுத்துடுறியா? முட்டி வலியில ஏற முடியல. சறுக்கலா தளம் போடணும்னு போன மாசத்துலேருந்து ஆள் தேடிக்கிட்டிருக்கேன்."

பொன்னுத்தாய் தூக்குச்சட்டியைப் படியில் வைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.