பென்சில் தட்டும் சத்தம்

செங்கல் சுமந்த பிடரி விண்விண்ணென்று தெறிக்க, மாலை மொழி வகுப்பில் எழுந்து நிற்கிறாள் சித்தாள். குடித்துவிட்டுச் சாரத்திலிருந்து விழுந்தான் என்று அவள் புருஷன் சாவை மேஸ்திரி முடித்துவிட்டார். கயிறு இற்றுக் கிடந்ததை நாளை விசாரணையில் இந்த ஊர் மொழியில் அவள்தான் சொல்ல வேண்டும். பார்த்தவர் வேறு யாருமில்லை. ட்யூப்லைட் இரைகிறது. தப்பு வந்தால் டீச்சர் பென்சிலால் மேசையைத் தட்டுவார். திருத்திச் சொன்ன பிறகே மேலே போகலாம். "கயிறு..." என்று நிறுத்திப் பென்சிலைப் பார்க்கிறாள். தட்டு விழவில்லை. "சாரம்..." மறுபடியும் பார்க்கிறாள்.

"சரியாத்தான் சொல்றீங்க, மேல போங்க."

போக முடியவில்லை. "வந்த அன்னிக்கு அப்படிப் பேச்சக் கொட்டுனியே அண்ணி, இப்ப என்ன வாயில சிமெண்டா?" என்கிறாள் பக்கத்தில் இருக்கும் நாத்தனார். கேட்டவளே சிரிக்காமல் தலை குனிகிறாள். டீச்சர் பென்சிலைப் பைக்குள் போடுகிறார். "இனி தட்டல. தப்பாவே சொல்லுங்கம்மா." சித்தாளின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கண் வெறும் மேசையிலேயே நிற்கிறது. வெடித்த விரல்கள் சட்டை நுனியை முறுக்குகின்றன. முதல் நாள் தப்பும் தவறுமாய் அவள் கொண்டுவந்த பேச்சு டீச்சரிடம் பாக்கி நிற்கிறது. விடிவதற்குள் டீச்சர் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும்.